நான்கு நொடி ஓநாய்

கயானியில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
மர ஆலை உணவகத்தில்
கடைசித் தட்டையும் கழுவிவிட்டு
பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான்
முதல் ஓநாயைப் பார்த்தேன்,
கைபேசியில்.

ஆடி ஆடி ஓடும் காணொளி. ஒரு வேலி.
வேலிக்கப்பால் சாம்பலாய் ஏதோ.
‘பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்!’ என்றிருந்தது.
எந்தப் பள்ளி, எந்த ஊர்,
எந்தக் குளிர்காலம் என்று இல்லை.
கட்டைவிரல் நின்றது.
நான்கு நொடி இருக்கும்.
அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

மறுநாள் மூன்று ஓநாய்கள்.
ஒன்று பனிமானின் தொடையைக் கவ்வியிருந்தது.
ஒன்று இரவோடிரவாக ஏரியைக் கடந்ததாம்.
ஒன்று எதுவும் செய்யாமல்
என்னையே பார்த்தது,
நான் ஏதோ கடன்பட்டவள் போல.

செய்திக்குக் கண் காது மூக்கு வைப்பார்கள்.
இதற்கு அவை முன்பே இருந்ததால்
பல் வைத்தார்கள்.
பிறகு அந்தப் பல்லுக்கு
ஒரு குழந்தையை வைத்தார்கள்.
குழந்தைக்குப் பெயர் இல்லை.
அதற்காகப் பத்தாயிரம் பேர் அழுதிருந்தார்கள்.
பத்தாயிரத்து ஒன்று நான்.

நீலோவைக் காரில் பள்ளிக்கு விடத் தொடங்கினேன்.
அறுநூறு மீட்டர்.
“எல்லாரும் நடந்துதாம்மா வர்றாங்க.”
எல்லாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.
அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது,
ஒத்துக்கொள்கிறேன்.

“ஓநாயா? எங்கே?” என்றாள் ஐலா.
பக்கத்துத் தொட்டியில் கரண்டி கழுவுகிறவள்.
அதே ஊர், அதே பட்டாணி சூப் வாசம்,
அதே வைஃபை.
கையைத் துடைத்துக்கொண்டு காட்டினாள்:
மின்கட்டணம், கம்பளிக் காலுறைப் பின்னல்,
பழைய படகு மோட்டாரைப் பிரித்துப் பூட்டும்
வழுக்கைத் தலையன் ஒருவன்.
கீழே கீழே தள்ளிப் பார்த்தேன்.
ஒரு வால்கூட இல்லை.

காபி இயந்திரம் ஒழுகுமென்று
அடியில் விரித்திருந்த உள்ளூர்ச் செய்தித்தாள்.
ஏழாம் பக்கம், காபிக் கறைக்குள் பதினொரு வரி.
யல்மாரி கெத்துனென் என்ற நிருபர்
அந்த வேலிக்கு நேரில் போயிருக்கிறார்.
காலடித் தடத்தை அளவுகோல் வைத்து அளந்திருக்கிறார்.
வேட்டைச் சங்கம், தலைமையாசிரியர்,
பக்கத்து வீட்டுக்காரர் என்று
மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார்.
இரண்டு நாளாய் வீடு திரும்பாத நாய். சாம்பல் நிறம்.
பெயர் ஹில்லா.
‘தொத்திறைச்சியைக் காட்டினேன், வந்துவிட்டாள்’
என்கிறார் உரிமையாளர்.

அந்தச் செய்தி கைபேசியிலும் இருந்தது.
தேடினால் இருந்தது.
ஏழு பேருக்குப் பிடித்திருந்தது.
அதில் ஒருவர் ஹில்லாவின் உரிமையாளராயிருக்கும்.

யாரோ எனக்கு ஓநாய் ஊட்டினார்கள்
என்று சொல்ல ஆசை.
ஊட்டினார்கள்தான்.
ஆனால் எங்கள் குடியிருப்பு முற்றத்தில்
பனி வாரும் வண்டிக்காரன்
காலடி பட்ட இடத்தைத்தான் வழியென்று வாருகிறான்.
வாரிய இடத்தில்தான்
நாங்களும் நடக்கிறோம்.
மார்ச் வருவதற்குள் இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர்.
யார் கட்டியது என்று கேட்டால்
வண்டியைக் காட்டுவோம்.

அந்தப் பதினொரு வரியை
இரண்டு முறை படித்தேன், விரலை அசைக்காமல்,
எந்திரம் பார்க்கட்டும் என்று.
மறுநாள் நான்கு ஓநாய்கள்,
ஒரு சாக்கடைத் திட்டம்.
அடுத்த வாரம் இரண்டு ஓநாய்கள், பாலம் பழுது,
நகராட்சி வரவுசெலவு.
கொட்டாவி வந்தது. படித்தேன்.
நேற்றிரவு மறுபடி அந்தக் கண்கள்.
தாண்டிவிட்டேன்,
இரண்டே நொடியில்.
சரி, மூன்று.

இன்று காலை நீலோ நடந்து போனான்.
சட்டைக்கை ஒளிப்பட்டை திருப்பம்வரை மினுங்கி
மறைந்தது.
ஜன்னலை விட்டு நகரும் நேரம்
வேலியோரம் சாம்பலாய் ஏதோ அசைந்தது.

கைபேசி மேசைமேல் கிடந்தது.
அதன் பக்கத்தில் நீலோ மறந்துவிட்டுப் போன அளவுகோல்.
அதை எடுத்துக்கொண்டு
படியிறங்கினேன்.